மலைநாட்டு வீட்டுல தெள்ளு ஏறிட்டா எங்க தொடங்கணும், எப்ப நிறுத்தணும்

தெள்ளுப்பூச்சி வீட்டுக்குள்ள வந்துட்டா எல்லாரும் மொதல்ல செய்றது நாயப் புடிச்சுக் குளிப்பாட்டுறது, அடுத்தது கடையில கரப்பான் ஸ்ப்ரே வாங்கி வீடு பூரா அடிக்கிறது, ரெண்டு நாளைக்கு கடி கொறஞ்ச மாதிரி இருக்கும், பெறகு திரும்ப அதே கடி, அப்ப இந்த மருந்து சரியில்லன்னு வேற மருந்து. இப்படியே மாசக்கணக்கா சல்லிய கரைக்கிற வீடுங்க நம்ம பக்கம் நெறய. நாய் மேல ஓடுறத நீங்க பாக்குறீங்களே, அது வீட்டுல இருக்கிற மொத்தத்துல நூத்துக்கு 5 அளவுதான்னு பொதுவா கணக்கு சொல்லுவாங்க. மிச்சம் எல்லாம் முட்டையாவும் புழுவாவும் கூடாவும் தரை வெடிப்புல, சாக்குல, மெத்தைக்குக் கீழ, அடுப்போரத்துல கெடக்கு. அத விட்டுட்டு நாய மட்டும் கழுவினா எப்படிப் போகும்?

இன்னொரு விஷயம், இணையத்துல வர்ற குறிப்புங்க முக்கால்வாசி சூடான ஊர்க்காரங்களுக்கு எழுதினது. கொழும்புச் சூட்டுல ஒரு முட்டை பெரிய பூச்சியா ஆக மூணு கெழமை போதும். நுவரெலியாவுல வருஷ சராசரியே 16 பாகை கிட்டத்தான், ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாப் பக்கமும் ராத்திரிக் குளிரு தெரியும்தானே, அந்தக் குளிர்ல அதே வளர்ச்சி இழுத்து இழுத்து மாசக்கணக்கா போகும். அதனால நம்ம ஊர்ல தெள்ளு மெதுவாப் பெருகும், ஆனா மெதுவாத்தான் முடியும். மூணு கெழமையில முடிஞ்சிடும்னு நெனச்சு வேலைய நிறுத்துறதுதான் இங்க திரும்பத் திரும்ப வர்றதுக்குக் காரணம். இந்த ஒண்ண மனசுல வச்சுக்கிட்டு மிச்சத்தப் படிங்க.

மொதல்ல தெள்ளுதானான்னு பாருங்க

கடி எங்க இருக்குன்னு பாருங்க. தெள்ளு தரையில இருந்து பாயுற பூச்சி, ஒரு சாண் ஒசரத்துக்குக் கொஞ்சம் கொறவாத்தான் எழும்பும், அதனால கணுக்கால், கெண்டைக்கால்ல செகப்புப் புள்ளியா ரெண்டு மூணு சேந்தாப்ல இருக்கும். மூட்டைப்பூச்சின்னா ராத்திரி படுத்த பெறகு கை, கழுத்து, முதுகுல கடிச்சிருக்கும், மெத்தைத் தையல்ல கறுப்புக் கறையும் காணும். விரல் இடுக்குல, இடுப்புல ராத்திரி ராத்திரி அரிச்சு வீட்டுல எல்லாருக்கும் பரவுதுன்னா அது சொறி, அதுக்கு டிஸ்பென்சரிக்குத்தான் போகணும், தெள்ளு மருந்து அடிச்சு ஒண்ணும் ஆகாது. உண்ணி பாயாது, தோல்ல கடிச்சுப் புடிச்சுக்கிட்டு உருண்டையா தொங்கும்.

வீட்டுல பாக்குறதுக்கு வெள்ளை சொக்ஸ் ஒரு சோடி போதும். முழங்கால் வரைக்கும் இழுத்துப் போட்டுக்கிட்டு நாய், பூனை படுக்குற எடத்துல கொஞ்ச நேரம் மெதுவா நடங்க, தெள்ளு இருந்தா கறுப்புச் சீரகம் ஒட்டின மாதிரி சொக்ஸ்ல ஏறி நிக்கும்.

அடுத்தது நாய் படுக்குற சாக்கை எடுத்து ஒரு வெள்ளைச் சீலை மேல தட்டுங்க. கறுப்பா தூள் மாதிரி கொட்டும், நடுவுல வெள்ளையா உப்புக்கல்லுல பாதி சைஸுல மணிமணியா இருக்கும். வெள்ளை முட்டை, கறுப்பு தெள்ளோட எச்சம். கறுப்புத் தூள் மேல ரெண்டு சொட்டு தண்ணி விட்டுப் பாருங்க, வெறும் மண்ணுன்னா மண் கலர்லயே நிக்கும், எச்சம்னா செங்கபில நெறத்துல கரைஞ்சு பரவும், ஏன்னா அது காஞ்ச ரத்தம். அந்த ரத்தத்தத் தின்னுதான் தரையில இருக்கிற புழு வளருது. இத ஒரு தடவ கண்ணால பாத்தீங்கன்னா சாக்கை ஏன் முதல்ல தூக்கணும்னு யாரும் சொல்லத் தேவையில்ல.

எங்க ஒளிஞ்சிருக்குன்னு தேடுங்க

தெள்ளு முட்டை ஒட்டாது, வழுக்கிக் கீழ விழும், நாய் எங்க கூட நேரம் படுக்குதோ அங்கதான் முட்டையும் குவியும். நம்ம ஊர்ல குளிரு, அதனால பூனையும் நாயும் சூடு தேடித்தான் படுக்கும். அடுப்பாங்கரையில வெறகு அடுக்கி வச்சிருக்கிற மூலை, அடுப்புக்குப் பக்கத்துல போட்ட சாக்கு, சாம்பல் குவியலோட ஓரம், இதுதான் மொதல்ல பாக்க வேண்டிய எடம். வீட்டுலயே சூடான எடமும் அதுதான், மத்த மூலையில மாசக்கணக்கா எடுக்குற வளர்ச்சி அங்க வேகமா நடக்கும். அடுத்து இஸ்தோப்புல (வீட்டு முன் திண்ணையில) தொங்குற, மடிச்சு வச்சிருக்கிற கம்பளி, மலைக்குக் கட்டிட்டுப் போற படங்கு, அரிசிச் சாக்கு, கட்டிலுக்குக் கீழ, செருப்பு போடுற மூலை. பழைய பங்களா, குவாட்டர்ஸ்ல பலகைத் தரைன்னா பலகைக்கும் பலகைக்கும் நடுவுல இருக்கிற இடுக்குல தூசியோட தூசியா கெடக்கும். சீலிங்குக்கு மேல மரநாய் குடியிருக்கிற வீடுன்னா அங்கயும் ஒரு தொகை இருக்கலாம்.

ஆடு, மாடு வச்சிருக்கிறவங்க கொட்டிலையும் பாருங்க, பூனைத் தெள்ளுன்னு பேரு இருந்தாலும் நாய், ஆடு, கன்னுக்குட்டி எல்லாத்துலயும் ஏறும், கொட்டில்ல இருந்து வேலை முடிச்சு வர்றவங்க கால்ல ஒட்டிக்கிட்டு வீட்டுக்கும் வரும். கோழிக்கு கண்ணச் சுத்தி, கொண்டையில கறுப்பா ஒட்டிக்கிட்டு இருந்தா அது வேற சாதித் தெள்ளு, அதுக்கு மிருக டொக்டர்கிட்டதான் கேக்கணும்.

வேலைக்கு ஒரே ஒரு நாள் ஒதுக்குங்க

தோட்டத்துல இருக்கிறவங்களுக்கு ஞாயித்துக்கிழமைதான் வசதி. நாய்க்கு ஒரு நாள், துணிக்கு ஒரு நாள், தரைக்கு ஒரு நாள்னு பிரிச்சுச் செஞ்சா ஒரு பக்கம் சுத்தமாக்க மறு பக்கத்துல இருந்து ஏறும். மூணும் ஒரே நாள்ல நடக்கணும்.

லயத்துல, அதாவது தோட்டத்து வரிசை வீடுங்கள்ல இருக்கிறவங்க இத இன்னும் கவனமா கேளுங்க. உங்க காம்பராவுக்கும் பக்கத்து காம்பராவுக்கும் நடுவுல ஒரே செவருதான், கூரையும் ஒண்ணு, இஸ்தோப்பும் ஒண்ணா ஓடுது, நாயும் யாரு சோறு போட்டாலும் அங்க போய் படுக்கும். நீங்க மட்டும் மருந்து அடிச்சா ஒரு மாசத்துல பக்கத்து வீட்டுத் தெள்ளு உங்க வீட்டுக்கு வந்துடும். அதனால ரெண்டு நாளைக்கு முன்னாடியே வீடு வீடா போய் பேசுங்க, "அக்கா, ஞாயித்துக்கிழமை காலையில நாங்க எல்லாரும் வீட்ட ஒதுக்கி மருந்து போடுறோம், நீங்களும் அன்னைக்கே செஞ்சீங்கன்னா எல்லாருக்கும் விட்டுப் போயிடும்"னு சொன்னா யாரும் மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க, கடி எல்லாருக்கும்தான். "ஒங்க நாயாலதான் வந்துச்சு"ன்னு மட்டும் தொடங்காதீங்க, அந்தப் பேச்சுல லயமே ரெண்டாப் பிரியும், தெள்ளு அப்படியே இருக்கும். யாருக்கும் சொந்தமில்லாம லயத்துல சுத்துற நாய்க்கும் எல்லாரும் சேந்து சல்லி போட்டு மருந்து வாங்கணும், அத விட்டீங்கன்னா வேலை அரைகொறைதான்.

நாய்க்கும் பூனைக்கும்

டவுன்ல இருக்கிற அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போய் நாயோட எடைய சொல்லிக் கேளுங்க, எடை தெரியலன்னா நாயத் தூக்கிக்கிட்டு தராசுல ஏறி, பெறகு நீங்க மட்டும் ஏறிக் கழிச்சுப் பாருங்க. கண்டிப் பக்கம் இருக்கிறவங்களுக்கு பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தோட ஆஸ்பத்திரியும் இருக்கு. பிப்ரோனில், இமிடாக்ளோப்ரிட், செலமெக்டின் மாதிரி பிடரியில ஊத்துற சொட்டு மருந்து இருக்கு, ஃப்ளூராலனர், அபாக்சோலனர் மாதிரி சாப்பிடக் குடுக்குற மாத்திரையும் இருக்கு. உங்க மிருகத்துக்கு எது சரின்னு டொக்டர் சொல்லட்டும்.

சொட்டு மருந்து ஊத்தும்போது ரெண்டு தோளுக்கும் நடுவுல, நாக்கு எட்டாத எடத்துல, முடிய ரெண்டு பக்கமா பிரிச்சு தோல் தெரியுற எடத்துல ஊத்தணும், முடி மேல ஊத்தினா வீண். பிப்ரோனில்னா அதுக்கு ரெண்டு நாள் முன்னாடியும் ரெண்டு நாள் பின்னாடியும் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்ட வேண்டாம், மழையில நனையவும் விடாதீங்க, இங்க அது கஷ்டம்தான், ஆனா அந்த ரெண்டு நாளாவது உள்ள கட்டி வைங்க. ஊத்தி ஒரு நாள் ரெண்டு நாள் தெள்ளு ஓடுறத பாத்து மருந்து வேலை செய்யலன்னு முடிவு பண்ணாதீங்க.

பூனை வச்சிருக்கிறவங்க இத மட்டும் மறக்கவே கூடாது: பெர்மெத்ரின் இருக்கிற நாய் மருந்து பூனைக்கு நஞ்சு. நடுக்கம், வலிப்பு வந்து செத்தே போகும். நாய்க்கு வாங்கினதுல மிச்சத்த பூனைக்குத் தடவுற பழக்கம் இருந்தா இன்னையோட விட்டுடுங்க. நாய்க்கு அந்த மருந்து போட்டிருந்தா அது காயுற வரைக்கும் பூனைய அதோட ஒண்ணா படுக்க விடாதீங்க. முயல் வளர்க்கிறவங்க பிப்ரோனில் பக்கமே போகக்கூடாது.

பொறந்து கொஞ்ச நாளான குட்டிங்களுக்கு மருந்து வேண்டாம், பேன் சீப்பால வாரி எடுங்க. பக்கத்துல ஒரு கோப்பையில சோப்புத் தண்ணி வச்சுக்கிட்டு ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்ப அதுல முக்குங்க, தெள்ளு ஓடு கெட்டி, விரலால நசுக்கினா தப்பிச்சுப் பாயும், சோப்புத் தண்ணியில மூழ்கிடும். கழுத்து, காதுக்குப் பின்னாடி, வால் தொடங்குற எடம், கவட்டி, இந்த நாலு எடத்துலதான் கூட இருக்கும். குட்டியோட முரசு (பல் ஈறு) வெளிறிப் போயிருந்தா நாள் கடத்தாதீங்க, தெள்ளு ரத்தத்த உறிஞ்சியே குட்டி செத்துடும், ஒடனே டொக்டர்கிட்ட கொண்டு போங்க.

துணி

நாய் படுத்த சாக்கு, கிழிஞ்ச கம்பளித்துண்டு இதெல்லாம் கழுவிக் காப்பாத்த வேண்டாம், வீட்டுக்கு வெளிய பாதுகாப்பான எடத்துல எரிச்சுடுங்க. நல்ல கம்பளி, பெட்ஷீட், தலகாணி உறை, படங்கு எல்லாத்தையும் கொதிக்கிற தண்ணியில சோப்புப் போட்டு ஊற வச்சுத் தொவைங்க, 60 பாகைக்கு மேல சூடு இருந்தா முட்டையும் புழுவும் தாங்காது. சுடுதண்ணிக்குத் தாங்காத துணின்னா நல்லா உதறி நாள் பூரா வெயில்ல போடுங்க. புழுவுக்கு வெளிச்சமும் ஆகாது, காஞ்ச காத்தும் ஆகாது, காத்துல ஈரம் பாதிக்குக் கீழ போனா தாங்காது.

இதுல ஊவாப் பக்கம் இருக்கிறவங்களுக்கு ஒரு வசதி, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் காஞ்ச காத்து அடிக்கும், அந்த மாசங்கள்ல மெத்தையெல்லாம் வெளிய போட்டு எடுத்தா பாதி வேலை முடிஞ்சுது. ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் அதே நேரத்துலதான் மழை கொட்டும், அங்க துணி அடுப்புச் சூட்டுல காயுற நெலமை, அதனால அந்தப் பக்கத்து ஆட்கள் ஜனவரி, பெப்ரவரி, மார்ச் வெயில்ல பெரிய சுத்தம் பண்ணுறது நல்லம். அதுக்காக மழைக் காலத்துல கடி வந்தா வெயில் வரட்டும்னு காத்திருக்காதீங்க, சுடுதண்ணிய நம்பி தொடங்குங்க. பனி கொட்டுற மாசத்துல குளிர்லயே செத்துடும்னும் நெனக்காதீங்க, வெளிய புல்லு வெள்ளையானாலும் வீட்டுக்குள்ள அடுப்பு எரியுதே.

தரை, இதுதான் பெரிய வேலை

கட்டில், பெட்டி, வெறகு எல்லாத்தையும் நகர்த்துங்க. வேக்கும் கிளீனர் இருந்தா நல்லது, அதோட அதிர்வே கூட்டுல இருக்கிறத வெளிய கொண்டு வரும், உறிஞ்சின பைய ஒடனே பொலித்தீன்ல கட்டி வெளிய போடணும். இல்லாதவங்க தும்புத்தடியால மூலையில இருந்து வாசல் பக்கமா கூட்டுங்க, வெறுமனே கூட்டினா தூசியோட முட்டையும் பறந்து வேற மூலைக்குப் போகும், அதனால லேசா சோப்புத் தண்ணி தெளிச்சுக் கூட்டுங்க. தரை வெடிப்பையும் செவரும் தரையும் சேர்ற ஓரத்தையும் ஈர்க்கால நோண்டி எடுங்க. கூட்டின குப்பைய வாசல்ல கொட்டாம அடுப்புல போடுங்க.

சீமெந்துத் தரைன்னா அதுக்கு மேல கொதிதண்ணி ஊத்தி வெடிப்புக்குள்ள எறங்க விடுங்க, அந்த நேரம் புள்ளைங்களும் நாயும் வெளிய இருக்கணும், வெளக்கமாத்தால தள்ளி விடும்போது உங்க காலையும் பாத்துக்கோங்க. காஞ்ச பெறகு வெடிப்ப எல்லாம் சீமெந்து கொழச்சு அடைச்சிடுங்க, மருந்துக்குச் செலவழிக்கிற சல்லிய விட இது கொறவு, நின்னு பேசும். மண் தரைய ஈரமா மெழுகி வைக்கிறவங்க, மிருகம் படுக்குற எடத்துல மேல்மண்ண ஒரு விரல்கடை செதுக்கி வெளிய போட்டுட்டு புதுமண் போட்டு இறுக்குங்க. பலகைத் தரைக்கு கொதிதண்ணி வேண்டாம், பலகை வளைஞ்சிடும், இடுக்க நோண்டி உறிஞ்சி எடுக்கணும்.

தரை காஞ்ச பெறகுதான் மருந்து. சாதாரண ஸ்ப்ரே பெரிய பூச்சியக் கொல்லும், முட்டையும் புழுவும் தப்பிச்சுடும். பைரிப்ராக்சிபென், மெத்தோபிரீன்னு லேபிள்ல பேரு இருந்தா அது புழுவ பெரிய பூச்சியா வளர விடாது, அப்படியான மருந்து கெடைக்குமான்னு மிருக டொக்டர்கிட்டயும் பெரிய டவுன்ல பூச்சிக்கு மருந்து அடிக்கிற ஆட்கள்கிட்டயும் கேளுங்க. வெயில் படுற எடத்துல மெத்தோபிரீன் சீக்கிரம் கெட்டுப்போகும், வாசல் பக்கத்துக்கு மத்தது நல்லது. அடிக்கும்போது சாப்பாட்டுச் சாமான், தண்ணிக் குடம் எல்லாத்தையும் வெளிய வைங்க, அடுப்ப அணைங்க, மீன் தொட்டி இருந்தா மூடுங்க, காஞ்சு காத்தோடின பெறகுதான் புள்ளைங்க உள்ள வரணும். ரெண்டு கெழமை கழிச்சு லேபிள்ல சொல்ற அளவுலயே இன்னொரு தடவ.

தோட்டத்துல தேயிலைக்கு, மரக்கறிக்கு அடிக்கிற மருந்த போத்தல்ல ஊத்திக்கிட்டு வந்து வீட்டுக்குள்ள அடிக்கிறது நடக்குது. தயவுசெஞ்சு செய்யாதீங்க. அது வெளிக்காட்டுக்கு செஞ்ச மருந்து, பத்துக்குப் பன்னெண்டு காம்பராவுல ஜன்னலும் கொறவு, அதுல புள்ளைங்க தரையில தவழும், சாப்பிடும், படுக்கும். மண்ணெண்ணெய நாய் மேல தடவுறதும் வேண்டாம், தோல் வெந்துடும், நக்கினா உள்ளயும் போகும். பினாயில், கிருமிநாசினி பூனைக்கு ஆகாது. பூச்சி உருண்டைய புள்ளைங்க முட்டாசின்னு வாயில போடுவாங்க. உப்புத் தூவச் சொல்லுவாங்க, இங்க இருக்கிற ஈரத்துக்கு உப்பே தண்ணி விட்டு நிக்கும், அது எதையும் காய வைக்காது. வேப்பிலை கட்டுறது கெடுதல் இல்ல, அத மட்டும் நம்பிக்கிட்டு இருக்காதீங்க.

ரெண்டாவது மூணாவது கெழமையில திரும்ப வரும், பயப்படாதீங்க

இங்கதான் எல்லாரும் மனசு விடுறாங்க. புழு பட்டு நூல் மாதிரி ஒண்ணு நூத்து, சுத்தி இருக்கிற தூசியையும் மண்ணையும் ஒட்டிக்கிட்டு கூடு கட்டும், பாத்தா சின்னக் குப்பை உருண்டைதான். அந்தக் கூட்டுக்குள்ள எந்த மருந்தும் நல்லா போகாது. உள்ள இருக்கிற பூச்சி அஞ்சு மாசம் வரைக்கும் கூட காத்திருக்கும், தரை அதிர்ந்தா, சூடு பட்டா, மூச்சுக்காத்து வந்தா, சாப்பாடு வந்துடுச்சுன்னு தெரிஞ்சு வெளிய குதிக்கும். நீங்க மருந்து போட்ட பெறகு பாக்குற தெள்ளு பெரும்பாலும் இப்படி பழைய கூட்டுல இருந்து வந்ததுதான். வரட்டும். வெளிய வந்தாத்தான் சாகும். மருந்து போட்ட நாய் மேல ஏறினா முட்டை போடுறதுக்கு முன்னாடியே செத்துடும், அதனாலதான் நாய வீட்ட விட்டுத் தொரத்தக்கூடாது, மருந்து போட்ட நாய் வீட்டுக்குள்ள நடமாடணும்.

மொத ரெண்டு கெழமை தெனமும் கூட்டுங்க, பெறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள். நாய், பூனை மருந்து எத்தனை நாளைக்கு ஒருக்கான்னு டொக்டர் சொன்ன கணக்கு தப்பாம போகணும், சூடான ஊர்ல மூணு மாசம்னு சொல்லுவாங்க, நுவரெலியா, கந்தப்பளை, இராகலை மாதிரி குளிர் எடத்துல அஞ்சு ஆறு மாசம் விடாம போடுங்க. கொறையுதா இல்லையான்னு பாக்க, ராத்திரி தரையில ஒரு வெள்ளைத் தட்டுல பாத்திரம் கழுவுற சோப்புத் தண்ணி வச்சு அதுக்கு மேல சின்ன பல்பு எரிய விடுங்க, வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் பாஞ்சு வந்து விழும். இதால வீட்டுத் தெள்ளு முழுசா ஒழியாது, கணக்குப் பாக்கத்தான். கெழமைக்கு ஒருக்கா வச்சு எத்தனை விழுதுன்னு கலண்டர்ல எழுதிக்கிட்டு வாங்க, எண்ணிக்கை எறங்குறத கண்ணால பாத்தா வேலைய விட மனசு வராது. கரண்ட் போற ராத்திரியில மெழுகுவத்தி வச்சு இத செய்யாதீங்க, லயத்துல தீப்பிடிச்சா ஒரு வீட்டோட நிக்காது.

பூட்டிக் கெடந்த வீட்டுக்கு குடி போறவங்க

மாத்தலாகி வர்ற டீச்சர்மார், தோட்டத்து ஸ்டாப் எல்லாருக்கும் இது அடிக்கடி நடக்கும், மாசக்கணக்கா பூட்டிக் கெடந்த குவாட்டர்ஸ்ல கால் வச்ச ஒடனே முழங்கால் வரைக்கும் மொய்க்கும். நாயே இல்லாத வீட்டுல எப்படின்னு கேப்பாங்க. முன்ன இருந்தவங்களோட நாய் போட்ட கூடு அது, யாராவது நடக்கட்டும்னு காத்துக்கிட்டு இருந்துச்சு. அதனால சாமான் எறக்குறதுக்கு ஒரு கெழமை முன்னாடி போங்க, நீளக் காற்சட்டைய சொக்ஸுக்குள்ள செருகிக்கிட்டு எல்லா அறையிலயும் தரை அதிர நடங்க, கூட்டுங்க, மருந்து அடிங்க, ஒரு ரெண்டு நாள் விட்டு திரும்பப் போய் அதே மாதிரி நடந்து கூட்டுங்க. மெத்தையும் கம்பளியும் கடைசியா உள்ள போகட்டும்.

எலியும் காய்ச்சலும்

எலி இருக்கிற வீட்டுல எலிக்கு மட்டும் நஞ்சு வச்சீங்கன்னா செத்த எலி மேல இருக்கிற தெள்ளு ஒடம்பு ஆறினதும் எறங்கி அடுத்த ரத்தத்தத் தேடும். 1914ல கொழும்புக்கு பிளேக் வந்தப்ப நடந்ததும் இதுதான், எலி சாக எலித்தெள்ளு மனுஷங்ககிட்ட வந்துச்சு. இப்ப அந்தப் பயம் இல்ல, ஆனா எலித்தெள்ளு டைபஸ் காய்ச்சலக் கொண்டு வரலாம், அதனால தெள்ளுக்கு மருந்து போட்ட பெறகு எலிய புடிங்க, செத்த எலிய வெறுங்கையால தொடாம சோப்புத் தண்ணியில போட்டுட்டு பொதைங்க.

வீட்டுல தெள்ளு இருக்கிற நேரம் யாருக்காவது கடுங்காய்ச்சல், தலையிடி, ஒடம்புல செகப்புத் தடிப்பு வந்தா, டொக்டர்கிட்ட தெள்ளு கடிச்சதையும் உண்ணி கடிச்சதையும் நீங்களே சொல்லுங்க, அவங்க கேக்கணும்னு இருக்காதீங்க, நேரத்தோட தெரிஞ்சா மாத்திரையால சொகமாக்கலாம். நாயோட பின்பக்கத்துல சோத்துப் பருக்கை மாதிரி வெள்ளையா ஒட்டியிருந்தா அது நாடாப்புழு, தெள்ள முழுங்கித்தான் நாய்க்கு வருது, நாயோட வெளையாடுற சின்னப் புள்ளைங்களும் தெள்ள முழுங்கினா அவங்களுக்கும் வரும், ரெண்டு பேருக்கும் பூச்சி மருந்து கேளுங்க. கடிச்ச எடத்த நகத்தால சொறியாம சோப்புப் போட்டுக் கழுவி குளிர்ந்த தண்ணித் துணி வைங்க, சீழ் வச்சா டிஸ்பென்சரிக்குப் போங்க.

எல்லாம் அடங்கி, சோப்புத் தட்டுல ரெண்டு மாசம் ஒண்ணும் விழாம இருந்தா தெள்ளு விட்டுடுச்சுன்னு எடுத்துக்கலாம். அதுக்குப் பெறகு புதுசா குட்டி ஒண்ணு கொண்டு வந்தா வாசல்லயே பேன் சீப்பால ஒரு தடவ வாரிப் பாருங்க, கறுப்புத் தூள் விழுந்துச்சுன்னா மருந்து போடுற வரைக்கும் இஸ்தோப்புல தனிப் பெட்டியில, காகிதம் விரிச்சுப் படுக்க வைங்க, அந்தக் காகிதத்த தெனமும் அடுப்புல போடுங்க.